உருளைக்கிழங்குப் பாத்தி வழியாக வந்த மின்சாரம்

பூமியின் தென்கோடியில், ஓமாரு என்ற ஊரில், கடலைப் பார்த்த சரிவில் மெரியானாவின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால், புல்வெளியைத் தாண்டி, ஒரு கார் ஷெட் தனியாக நின்றது. அதற்குள் கார் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மெரியானாவின் அம்மா ரிப்பேக்கா அங்கே படகுகளைப் பழுது பார்த்தார்.

ஷெட்டில் மின்சாரம் கிடையாது. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயரை இழுத்துப் புல்லின் மேல் போட்டு, அதில்தான் அம்மா தேய்க்கும் மெஷினை ஓட்டினார். வீட்டில் கெட்டிலைப் போட்டால் அங்கே மெஷின் நின்றுவிடும். அப்பா ஹேமிஷ் ஒரு நாளைக்குப் பல தடவை டீ குடிப்பவர்.

அக்டோபர் மாதம் ஒரு மழை நாளில் அந்த ஒயர் சூடாகி, கருகல் வாடை வந்தது. எலக்ட்ரீஷியன் செமிசி வந்து பார்த்தார். அவர் டோங்கா தீவுக்காரர். பார்த்த கையோடு ஒயரைச் சுருட்டித் தன் வேனில் போட்டுக்கொண்டார்.

"இதை இனிமே நான் தர மாட்டேன் அக்கா. ஷெட்டுக்குத் தனி லைன் இழுத்தாத்தான் ஆச்சு."

அம்மாவுக்கு அது சிக்கலான நேரம். மெரியானாவின் பள்ளிக்கூடத்துப் பாய்மரப் படகுகள் நான்கும் ஷெட்டில் கவிழ்ந்து கிடந்தன. டிசம்பரில் அங்கே கோடை தொடங்குவதற்குள் அவை தண்ணீரில் இறங்க வேண்டும். மெரியானாவின் வகுப்பு முழுக்க அதற்காகக் காத்திருந்தது.

செமிசி சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூன்று வழிகளைச் சொன்னார். முதல் வழி, கம்பம் நட்டு மேலே கம்பி இழுப்பது. அம்மா உடனே வேண்டாம் என்றார். உயரமான பாய்மரங்களோடு படகுகள் போய்வரும் இடம் அது, கம்பியில் பட்டால் ஆபத்து. இரண்டாவது, கூரையில் சூரியத் தகடு. விளக்குக்கு அது போதும். ஆனால் அம்மாவின் மெஷின்களுக்கு, அதுவும் மழைநாளில், ஈடுகொடுக்காது. மூன்றாவது, மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்து, அதற்குள் ஒயரைக் கொண்டுபோவது. வீட்டுச் சுவரிலிருந்து புல்வெளியை நேராகக் கடந்து ஷெட்டின் முன்பக்கம் போய்விடலாம்.

அம்மா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமை தோண்டுவது என்று முடிவானது.

"அங்க தோண்ட முடியாதும்மா. முட்டை இருக்கு" என்றாள் மெரியானா.

ஷெட்டின் முன்பக்கத் தரைப் பலகைக்கு அடியில் ஒரு ஜோடி நீலப் பென்குயின்கள் குடியிருந்தன. உயரம் ஒரு பாட்டில் அளவுதான். இருட்டத் தொடங்கியதும் கடலிலிருந்து ஏறி, வேலிக்கு அடியில் நுழைந்து, புல்வெளி வழியாக வீடு சேரும். இப்போது இரண்டு முட்டைகள். ஜோடியில் ஒன்று எப்போதும் அடைகாத்துக்கொண்டிருந்தது.

செமிசி தலையைச் சொறிந்தார். கூட்டுக்குப் பக்கத்தில் தோண்டினால் அவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடலாம், சட்டமும் விடாது என்றார். குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குப் போகிறவரை காத்திருந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

"அப்ப பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் அம்மா.

"அதுங்க தோட்டம் பூரா நடக்கிறதில்லையே. எங்க நடக்குதுன்னு பார்த்துட்டு, நடக்காத பக்கமா தோண்டலாம்" என்றாள் மெரியானா.

"எப்படிப் பார்ப்பே? கேட்டுட்டு வரப்போறியா?" என்றார் அப்பா.

மெரியானா வாளியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினாள்.

ஈர மணலைக் கொண்டுவந்து ஷெட்டைச் சுற்றிப் பட்டையாகப் பரப்பினாள். ஒரு பலகைத் துண்டால் அதைச் சமமாகத் தேய்த்துவிட்டாள். முதல் இரண்டு நடை அப்பா ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றாவது நடைக்கு அவரும் இரண்டு வாளிகளோடு வந்தார். பென்குயின்கள் வெளிச்சத்தில் மிரளாமல் இருக்கச் சாயங்காலம் திரைகளை மூடிவிட்டு, யாரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

காலையில் மணல் எல்லாவற்றையும் சொன்னது. முன்பக்கம் மூன்று விரல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன. முன்பக்கம் முடியாவிட்டால் இடப்பக்கம் தோண்டலாம் என்றுதான் செமிசி நினைத்திருந்தார். அங்கேயும் தடங்கள் இருந்தன, அவை விறகுக் குவியலுக்குள் போயின. அங்கே இன்னொரு ஜோடி இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

வலப்பக்கமும் பின்பக்கமும் மணல் அப்படியே இருந்தது. ஒரு பூனை மட்டும் நடந்திருந்தது.

வலப்பக்கமாகப் போனால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஷெட்டின் பின்சுவருக்குப் போய்விடலாம். நடுவில் அப்பாவின் உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தது.

அப்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கிழங்கு கிறிஸ்துமஸ் விருந்துக்காகப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரரைவிட முந்தி அறுவடை செய்யவேண்டும் என்பது அவருடைய வருடாந்தர ஆசை.

"இப்ப எடுத்தா சின்னதாத்தான் இருக்கும்" என்றாள் மெரியானா. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா தோல் உரிக்க வேண்டாம்" என்றாள்.

அப்பா பாத்திக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் கோலிக்குண்டு அளவில் நாலைந்து தொங்கின.

"இது கிழங்கு இல்ல, மாத்திரை" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துவர அவரே போனார்.

சனிக்கிழமை மண் அதிராமல் இருக்க, மெஷின் வைக்காமல் மண்வெட்டியாலேயே தோண்டினார்கள். வளைந்து போவதால் தூரம் கூடியிருந்தது. தூரம் கூடினால் ஒயர் தடிமனாக இருக்கவேண்டும் என்று செமிசி வேறு ஒயர் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சு நிறக் குழாயை இறக்கி, மண்ணை மூடி, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வெண்ணெயும் புதினாவும் போட்ட குட்டிக் கிழங்கு. செமிசி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

அடுத்த வாரம் ஷெட்டில் விளக்கு எரிந்தது. அம்மா ஒவ்வொரு படகாக முடித்தார். அதற்குள் பலகைக்கு அடியில் இரண்டு குஞ்சுகள் வெளிவந்திருந்தன.

கடைசிப் படகில் கொஞ்சம்தான் பாக்கி. அன்றைக்கு அம்மா பொழுது சாய்ந்த பிறகும் மெஷினை நிறுத்தவில்லை. காலடியில் கழுதை கத்துவதுபோல ஒரு நீண்ட சத்தம் கேட்டது. அம்மா நிறுத்தினார், சத்தமும் நின்றது. மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை கீழே இரண்டு குரல்கள் சேர்ந்து கத்தின.

அம்மா விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மீதி வேலைக்கு நாளைக் காலை போதும்.

"என்ன, சீக்கிரம் வந்துட்டே?" என்று அப்பா கேட்டார்.

"கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவப் போனார்.