கழித்தல் குறி

இரண்டாவது கவுன்டரின் திரையில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய கோடு இருந்தது. கழித்தல் குறி.

அளவீட்டுக்கூடத்தின் பொறியாளரான அவள் கேபிள்களைக் கழற்றித் துடைத்து மறுபடி திருகினாள். புதிதாக வந்திருக்கும் அணுக்கடிகாரம் எவ்வளவு சீராகத் துடிக்கிறது என்று மாதக்கணக்கில் கண்காணிக்க, துடிப்புகளின் இடைவெளியை அளக்கும் கவுன்டர் என்ற கருவி வேண்டும். சோதித்துப் பார்க்க இரண்டு வந்திருந்தன. காலையில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய ஸ்டோர் கீப்பர், "நேரத்தை அளக்குற பொட்டிக்கே நேரம் சரியில்லைன்னா என்ன பண்ணுவே தங்கச்சி?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குட்டைக் கேபிளிலும் மற்றதை நீளக் கேபிளிலும் அனுப்பியிருந்தாள். நீளக் கேபிளில் வருவது பத்து நானோ நொடி பிந்தித்தான் வந்தாக வேண்டும். முதல் கவுன்டர் கொஞ்சம் தள்ளாடியபடி அதைத்தான் சொன்னது. இரண்டாவதின் இலக்கங்கள் கல்லில் வெட்டியதுபோல அசையாமல் நின்றன. ஆனால், பிந்தி வர வேண்டியது முந்தி வந்துவிட்டதாக அது சொன்னது.

மேலாளருக்குப் போன் செய்தாள்.

"கேபிளை மாத்திச் சொருகியிருப்பீங்கம்மா."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார்."

"ஆடாம நிக்குதில்ல? அப்ப அதையே வச்சுக்கலாம். இன்னொண்ணை எடுத்துட்டுப் போக ஸ்டோர் கீப்பரை அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஜன்னல் இல்லாத அறை, குளிரூட்டியின் முனகல், சூடேறிய கருவிகளிலிருந்து எழும் தூசி வாசனை, மேசைக்கடியில் சுருண்டு கிடக்கும் கேபிள்களின் நிழல் எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. எண் மட்டும் வளர்ந்திருந்தது. நானோ நொடி மைக்ரோ ஆகி, மைக்ரோ மில்லி ஆகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு நொடியைத் தொட்டது.

காலடியில் பேனா விழும் சத்தம் கேட்டுக் குனிந்தாள். தரையில் எதுவும் இல்லை. நிமிரும்போது முழங்கை பட்டு மேசையிலிருந்த பேனா உருண்டது. விழுந்தது. துள்ளி அடங்கியது.

சத்தமே இல்லாமல்.

திரையில் கழித்தல் மூன்று. கழித்தல் இருபது. கழித்தல் அறுபத்து நான்கு. அங்கே நின்றது.

வெளியே தள்ளுவண்டிச் சக்கரங்கள் கிரீச்சிட்டன. ஒரு பெண் அலறினாள்: "அண்ணே, பின்னாடி படிக்கட்டு!" கனமான உடல் ஒன்று படிப்படியாக உருண்டது. அதன்மேல் இரும்பு மோதியது. பிறகு அழுகை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு காலி. லிஃப்ட் கதவு மூடியிருந்தது. யாரும் இல்லை.

அழுகை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது யார் குரல் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடையது.

திரும்ப ஓடினாள். தன் காலடி தனக்கே கேட்கவில்லை. மின்வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அழுகை நிற்கவில்லை.

கேட்டது நடக்க இன்னும் முப்பது நொடி இருக்கலாம். கத்தக் கூடாது. கத்தாமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும்.

வாசலுக்கு வந்தபோது லிஃப்ட் ஓசையின்றித் திறந்திருந்தது. ஸ்டோர் கீப்பர் தள்ளுவண்டியோடு படிக்கட்டுக்கு முதுகு காட்டி நின்று ஏதோ சொல்லிச் சிரித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு அணைந்தது. மிரண்டார். வண்டியை இழுத்தபடி ஓர் அடி பின்னால் வைத்தார்.

அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல அவர் விழுந்தார். ஒவ்வொரு படியிலும் தலை பட்டது. வண்டி அவர்மேல் கவிழ்ந்தது. ஓர் ஒலியும் இல்லை.

மேல்படியில் மண்டியிட்டாள். சுற்றிலும் அவளுடைய அழுகை. விம்மலின் நடுவே அது சட்டென்று அறுந்தது. குளிரூட்டியின் முனகலும் அதோடு நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. அந்த அறுபடலுக்கு இன்னும் அறுபத்து நான்கு நொடி இருந்தது.

அவள் இன்னும் அழத் தொடங்கவில்லை. தொண்டைக்குள் அது ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.