காய் பழுத்த மாதத்தில் பூ வாசம்

செம்மநத்தத்தில் பஸ் நின்றது. வயிற்றைப் பிடித்தபடி மாதம்மாள் இறங்கினாள். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அம்மா இல்லாத வீடு. அப்பன் வெள்ளையன் மட்டும்தான்.

பகலிலேயே பனி மூடியிருந்தது. காப்பிச் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. வாசலில் கால் வைத்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங்கப்பா, காப்பிப் பூ வாசம் நொம்ப அடிக்குதே?"

வெள்ளையன் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பழம் பறிக்கிற மாதத்தில் ஏது பூ?

போன பங்குனியில்தான் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்போது மூத்த மகள் அத்தாயி, பிள்ளை வயிற்றோடு, இதே வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குள் மின்னுகிறது என்றாள். நர்ஸ் ஆரோக்கியசெல்வி வந்து கெஞ்சினாள்.

"இது ரத்தக் கொதிப்புங்கய்யா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"பூ வாசத்துக்கு எங்க ஊட்டு எருமைக்குந்தான் தலை வலிக்கும். அதுக்கும் ஊசி போடுவியா?"

நர்ஸை விரட்டிவிட்டு, வெள்ளையன் சுக்கை அரைத்து மகள் நெற்றியில் பற்றுப் போட்டான். மேலே சிவப்புத் துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"அப்பா, வலிக்குது. அவுத்து விடுங்க."

அவிழ்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் வலிப்பு வந்து செத்தாள். அந்தத் துண்டோடுதான் புதைத்தார்கள்.

இப்போது மாதம்மாள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். வெள்ளையன் காப்பி போட்டுக்கொண்டு போனான்.

கதவருகிலேயே சுக்கு நெடி.

மகளின் முகம் வீங்கியிருந்தது. கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள்.

"தலை வலிக்குதுங்கப்பா. அக்கா வந்து பாத்துச்சு. இது பூ வாசமில்லன்னு அப்பாகிட்டச் சொல்லுன்னுச்சு."

டம்ளர் கீழே விழுந்தது.

எஸ்டேட் ஜீப்பை மறித்து மகளை ஏற்றிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் ஆரோக்கியசெல்விதான் நின்றாள். மாதம்மாளின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தவள் முகம் மாறியது.

"இந்தப் புள்ளைக்காச்சும் ஊசி போடலாமுங்களா?"

"போடுங்கம்மா. உங்க கால்ல விழறேன்."

டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள். மெல்ல மெல்ல அழுத்தம் இறங்கியது. மாதம்மாள் வலி விட்டுத் தூங்கினாள். வெள்ளையன் சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

ஆரோக்கியசெல்வி அவனை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தலைவலிங்களா? துண்டை எதுக்கு இத்தன இறுக்கிக் கட்டியிருக்கீங்க?"

அவன் வெறுந்தலையோடு வந்தவன்.

கையைப் பின்மண்டைக்குக் கொண்டுபோனான்.

முடிச்சு. ஈர மண் ஒட்டிய முடிச்சு.

"வலிக்குது கண்ணு," என்றான் மெதுவாக. "அவுத்து விடு."

முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது.