முப்பது விநாடிப் பக்கம்

கையிலிருந்த பால் புட்டி காலியாக இருந்தது. பாப்பாவுக்கு இன்னும் கொடுக்கவே இல்லையே என்று அவள் திரும்பிப் பார்த்தால், மெத்தையில் கிடந்த ஆறு மாதப் பிள்ளையின் வாயோரம் பால் வழிந்து காய்ந்திருந்தது. கொடுத்தது யார்? வீட்டில் வேறு ஆளில்லை. காலை பத்து மணி.

அவள் தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியன். தூக்கம் வராதவர்களும் குறட்டையில் மூச்சு முட்டுகிறவர்களும் வந்து படுப்பார்கள்; அவர்கள் தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டிவிட்டு, விடிய விடியத் திரையில் ஓடும் மூளையலைக் கோடுகளைப் பார்த்திருப்பது அவள் வேலை. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மூளை கெட்டுவிடும் என்று மேடைக்கு மேடை முழங்கும் பெரிய டாக்டர், அவளுக்கு மட்டும் வாரத்தில் ஆறு இரவு போட்டிருந்தார். பகலில் பாப்பா. யார் தூங்கவிட்டார்கள்?

போன வாரம் கணவன் சொன்னான்: “நீ நின்னுக்கிட்டே தூங்குற மாதிரி இருக்கு. பாப்பாவ உன்கிட்ட விட்டுட்டுப் போகவே பயமா இருக்கு.”

“பயமா இருந்தா நீ லீவு போடேன்.”

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிரவு கம்பிகளைத் தன் தலையிலேயே ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். காலையில் அவளே உட்கார்ந்து கணித்தாள். பதிவை முப்பது முப்பது விநாடிப் பக்கங்களாக வெட்டுவார்கள். பக்கத்தில் பாதிக்கு மேல் தூக்கமென்றால்தான் தூக்கம், இல்லாவிட்டால் முழுப் பக்கமும் விழிப்பு. சில பக்கங்களில் நான்கு விநாடி, சிலவற்றில் பதினான்கு, கண் திறந்தபடியே இருக்க, கோடு தூக்கத்தின் கோடாகத் தளர்ந்து கிடந்தது. எல்லாம் பாதிக்குக் குறைவு. விழிப்பு, விழிப்பு என்று தட்டிக்கொண்டே போனாள். தூங்கிய நேரம் பூஜ்யம்.

“பாத்துக்கோ, அரை நிமிஷம்கூடத் தூங்கல” என்று காகிதத்தை அவன் முன்னால் வீசினாள். அதைப் படித்துவிட்டு அவன் வேலைக்குப் போனான். ஜெயித்துவிட்ட திருப்தி அவளுக்கு.

இப்போது காலிப் புட்டியைக் கீழே வைத்தாள். பதினான்கு விநாடியில் ஒரு பிள்ளைக்கு என்னவெல்லாம் ஆகலாம்! கணவனைப் போனில் கூப்பிட்டு வரச் சொல்லலாம். ஆனால் அந்தக் காகிதத்தை என்னவென்று சொல்வது? முதலில் பாப்பாவைக் குளிப்பாட்டுவோம், பிறகு பார்க்கலாம் என்று வீம்பாக எழுந்தாள். தொட்டியில் வெந்நீர் விழும் ஒரே சீரான இரைச்சலும், ஈரச் சுவரின் பாசி வாடையும் சோப்பு மணமும், கண்ணாடியில் மெல்ல ஏறி அவள் முகத்தை மறைத்த ஆவியும், தோளில் சாய்ந்திருந்த பாப்பாவின் இளஞ்சூடும் சேர்ந்து அவளை எங்கோ இழுத்தன.

“சரி, தூங்கட்டும்” என்றது கணவனின் குரல்.

அவள் கூடத்து நாற்காலியில் இருந்தாள். காதில் போன்.

“யாரு?”

“என்ன யாரு? இப்பத்தானே சொன்னே, பாப்பாவக் குளிப்பாட்டித் தூங்க வச்சிட்டேன்னு.”

மெத்தையைப் பார்த்தாள். காலி. அவள் கைகள் முழங்கைவரை ஈரம். குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடினாள்.

நாற்காலியில் இருந்தாள். போன் மடியில். “ஹலோ? ஹலோ?”

எழுந்தாள். ஓரடி. ஈரடி. கைப்பிடியைத் தொட்டுவிட்டாள்.

நாற்காலி.

கத்த வாயைத் திறந்தாள்.

நாற்காலி.

கதவடியில் தண்ணீர் கசிந்து வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். நுரையோடு அவள் பாதத்தைச் சுற்றி நின்றது. போனில் சத்தமில்லை.

அப்போது குழாய் நின்றது. உள்ளிருந்து யாரோ திருகி மூடினார்கள்.

பாப்பாவின் சத்தம் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அவளுடைய குரலே, அவசரமில்லாமல், தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.