இரண்டாம் குடுவை

காலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்ததுமே ஏதோ சரியில்லை என்று நிமிக்குப் பட்டது. எலியின் விழித்திரையிலிருந்து பிரித்தெடுத்த ரத்தக்குழாய்ச் செல்கள், தரையில் பாவிய கல் மாதிரி, முதல் குடுவையின் அடியில் நெருக்கமாகப் படிந்திருக்க வேண்டும். இன்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து பொடிக்கிளை என்று ஓடியிருந்தன.

வெளியே சித்திரபுரம் முழுக்க மூடுபனி இறங்கி, பழைய எஸ்டேட் பங்களாவில் இருந்த அந்த ஆய்வகத்தின் ஜன்னல்களில் வெள்ளையாக அப்பிக்கொண்டு நின்றது. பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் ஈர மரத்தின் வாசனை. செல்களைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

மண் சரிந்து ரோடு அடைபட்டதில் பத்து நாளாகக் கொச்சியிலிருந்து சீரம் வரவில்லை. அது இல்லாவிட்டால் செல்கள் பட்டினியில் செத்துப்போகும். ஆறு வார உழைப்பு வீண். அதனால் நிமி யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தாள். தன் வலது கையில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்த சீரத்தை முதல் குடுவையில் ஊற்றினாள். அதே கையில் மறுபடி குத்த வலித்ததால், இரண்டாவதற்கு இடது கை. பாழாய்ப்போன புத்தி!

இந்தக் கிளைகளை எங்கோ பார்த்திருக்கிறாள். தண்டின் நடுவில் ஒன்று மட்டும் கதிர் அரிவாள் போல வளைந்து திரும்பியது. அதைக் கண்டதும் போனை எடுத்தாள். போன மாதக் கண் முகாமில் எடுத்த அவளுடைய விழித்திரைப் படங்கள் அதில் இருந்தன. "இந்த வளைவு ரொம்ப அபூர்வம்" என்று டாக்டர் சிரித்தது அவளுடைய வலது கண்ணைப் பார்த்துத்தான்.

போனையும் மைக்ராஸ்கோப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளைக்குக் கிளை. வளைவுக்கு வளைவு.

"அண்ணே, செல்லு கெட்டுப்போச்சு. ரெண்டு குடுவையையும் அழிச்சிருவமா?" பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினாள்.

"அழிச்சிரு பிள்ளே" என்றார் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த ஜின்சன். ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவர். "ரோடு தொறந்தாச்சாம். சாயங்காலம் சீரம் வந்துரும். புதுசா ஆரம்பிப்போம்."

முதல் குடுவையில் பிளீச்சை ஊற்றினாள். உள்ளே இருந்த இளஞ்சிவப்பு நீர் மெல்ல மெல்ல வெளுத்தது.

வலி இல்லை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். வலது பக்கத்து அலமாரி மறைந்தது. சுவர் மறைந்தது. தன் வலது கையே மறைந்தது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள்.

வெள்ளை. வெறும் வெள்ளை.

இன்னொரு கண் இருக்கிறது. அது இரண்டாம் குடுவையில் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது. ஊட்ட வேண்டும், எத்தனை தடவை குத்தினாலும் சரி. பின்னால் செருப்புச் சத்தம் வந்து போனதை அவள் கவனிக்கவில்லை.

திரும்பினாள். இன்குபேட்டர் திறந்து கிடந்தது. தட்டு காலி.

"இன்னொண்ண நான் எடுத்துட்டேன். நீ போய் டீயக் குடி" என்றார் ஜின்சன், பக்கத்து அறையிலிருந்து.

பிளீச் கேனின் மூடி திருகும் சத்தம்.

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஓடினாள். தெரியாத பக்கத்து மேஜையில் இடித்து விழுந்தாள். எழுந்தாள். வாசல். ஜின்சனின் முதுகு. தூக்கிய கேன்.

குளுக். குளுக்.

"நல்லா வெளுத்துருச்சு, பாரு" என்றார் ஜின்சன்.

நிமி கைகளை முன்னால் நீட்டித் துழாவினாள்.

"அண்ணே... எங்க நிக்கிறீங்க?"