குழாயின் மறுமுனை

அந்த மாலை ஷிஃப்டில் இருந்தது நாலு பேர். காகிதக் குழாய் சுற்றும் மெஷினில் இருமல்காரர். பெட்டி கட்டும் மேசையில் அண்ணி. சாவிக்கொத்தோடு சூப்பர்வைசர். குழாய்க்குள் கண் வைத்துப் பார்க்கும் ஸ்டூலில் அவள். வேறு யாரும் இல்லை.

பிள்ளைகள் ஒட்டிச் சேர்த்துப் பறக்கவிடும் பொம்மை ராக்கெட்டின் பாகங்கள் அங்கே தயாராகிப் பெட்டிக்குள் போயின. காகிதத்தில் பசை தடவிச் சுற்றி, சூடான அறையில் காயவைத்த குழாய்களை ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி அவள் பார்க்க வேண்டும். உள்ளே பசைக்கட்டி இருந்தால் பாராசூட் சிக்கிக்கொள்ளும். ராக்கெட் கல் மாதிரி விழும். வருஷக்கணக்கில் அந்த வட்ட வெளிச்சத்தையே பார்த்து, அவள் இடது கண்ணின் வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி தங்கிவிட்டது. "கண்ணுக்குப் பொட்டு வச்சிருக்கியாம்மா?" என்று மகள் கேட்பாள். மகள் இப்போது காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். அவளுடைய அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வந்து பக்கத்தில் படுக்காமல் மகள் தூங்கமாட்டாள்.

கடைசித் தட்டில் ஒரு குழாய் இருட்டாக இருந்தது.

பசைக்கட்டி தட்டுப்படுகிறதா என்று ஒரு குச்சியை உள்ளே விட்டாள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. மறுபடி பார்த்தாள். இருட்டு.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அண்ணி பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. உன் கண்ணு நமக்கு முன்னாடியே ஷிஃப்ட் முடிச்சுக் கிளம்பிருச்சு."

இருமல்காரர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.

மூன்றாவது முறை பார்த்தபோது அந்த இருட்டு மெல்லச் சுருங்கியது. சுற்றிலும் வெள்ளை தெரிந்தது. ஒரு இடது கண். கீழிமையில் அவளுக்கு இருக்கும் அதே மச்சம். ஆனால் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இல்லை.

அது இமைத்தது. அவள் இமைக்கவில்லை.

"கழிச்சதைக் காயுற ரூம்லயே போட்டுட்டு வாம்மா," என்றார் சூப்பர்வைசர். "பூட்டணும்."

முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பு வேண்டும். அவளிடம் இல்லை. எழுந்து போனாள்.

அந்த அறைக் கதவுக்கு உள்ளே பிடி கிடையாது. தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுப்பார்கள். கடைசியாக வெளியே வருகிறவர் "நான்தான் கடைசி" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் சூப்பர்வைசர் ஒரு நாளும் பூட்டியதில்லை.

உள்ளே சூடும் புளித்த பசை நாற்றமும் முகத்தில் ஈரத்துணிபோல ஒட்டின. சுவர் நெடுக அடுக்கடுக்காகப் படுத்திருந்த குழாய்களின் வட்ட வாய்கள், பின்னால் வரிசையாக எரியும் பல்புகளின் மஞ்சள் வெளிச்சத்தோடு, எப்போதும்போல அவளைப் பார்த்து நின்றன. கையிலிருந்ததை ஓரமாகச் செருகினாள்.

அதற்குப் பக்கத்துக் குழாய் இருண்டது.

அதற்கடுத்ததும். பிறகு மேல் அடுக்கு. பல்புகள் அணையவில்லை, அடுக்குகளின் இடுக்கில் வெளிச்சம் அப்படியே இருந்தது. குழாய்கள் மட்டும் இருண்டன. ஒவ்வொன்றாக. பிறகு எல்லாமும் ஒன்றாக இமைத்தன.

திரும்பினாள்.

செங்கல் தரையில் உரசியது. கதவு சாத்திக்கொண்டது.

வெளியே ஒரு குரல், களைத்துப்போய், வெகு பக்கத்தில்: "நான்தான் கடைசி."

அவள் குரல்.

கத்தினாள். வெறுங்குழாயில் ஊதிய காற்றுதான் வந்தது. கதவைக் குத்தினாள். கை பட்டது, சத்தம் எழவில்லை. கதவில் காற்றுக்காகப் போட்டிருந்த சின்ன ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

வட்டமான வெளிச்சம். அதற்குள் அண்ணி. அண்ணியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஒருத்தி.

"வாங்க அண்ணி. பாப்பா தூங்காம இருப்பா."

"ஏன்டி, உன் கண்ணுல இருந்த புள்ளியைக் காணோம்?"

"போயிருச்சு அண்ணி."

பையை மாட்டியிருந்தவள் திரும்பி ஓட்டையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

சூப்பர்வைசர் சாவியைத் திருப்பினார். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.