முதல் டம்ளர்

"ஐயோ... சார்ர்ர்!"

ஹேமலதாவின் அலறலில் செம்மேட்டு கெஸ்ட் ஹவுஸே அதிர்ந்தது.

அருணாசலம் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை. கையருகே காலியான வெள்ளி டம்ளர்!

அதிமேதாவிகள் சங்கத்தின் தலைவர். லட்சத்தில் ஒருத்தருக்கு வாய்க்கிற மூளையாம்! 1999 மே மாதக் கூட்டத்துக்கு நிர்வாகிகள் மூன்று பேர் கொல்லிமலை ஏறி வந்திருந்தார்கள். இப்போது இரண்டு பேர்.

பத்தே நிமிஷத்தில் சப்-இன்ஸ்பெக்டர் தனபால் வந்தார். அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினார். விஷம் ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும்...

"காபி போட்டது யாரு?"

"நானுங்க..." சமையல்கார மாதம்மாள் முன்னால் வந்தாள்.

"அப்புறமென்ன? ஜீப்புல ஏறு!"

"ஐயா, அவரை நான் எதுக்குங்க கொல்லோணும்?"

"அதைக் கீழ நாமக்கல்லுல வந்து சொல்லு."

சங்கச் செயலாளர் குணசேகரன் உதட்டைச் சுழித்தார். "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? கூட்டிட்டுப் போங்க."

வெளியே ஜீப் உறுமியது. மாதம்மாள் வாசலைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறினால் கொலைகாரி என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இந்த மலையில் எவன் அவளுக்குச் சோத்துக் கரண்டியைக் கொடுப்பான்?

கதவு வரை நடந்தாள். திரும்பினாள். முந்தானையை முறுக்கினாள். ஏதோ உறுத்துகிறது... என்ன அது? என்ன அது?

சட்டென்று நின்றாள்.

"ஏனுங்க ஐயா, அது தலைவரு டம்ளரே இல்லீங்க!"

"என்னது?"

"பந்தய டம்ளருங்க. காபிய ஊத்தி நடுவுல வெச்சிருவேன். இந்த ஹேமலதாம்மா ஒரு புதிர் போடுவாங்க. மொதல்ல பதில் சொல்றவருக்குத்தான் அந்தக் காபி. மூணு நாளாக் குடிச்சது குணசேகரன் சாருங்க!"

சங்கப் பொருளாளர் ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா சார். எப்பவுமே இவர்தான் முந்துவார்."

தனபால் துள்ளினார். "அப்ப... குறி வெச்சது குணசேகரனுக்கு!"

"அடிப்பாவி!" குணசேகரன் நெஞ்சில் கை வைத்தார். "என்னையா கொல்லப் பார்த்தே?"

மாதம்மாள் அவரையே முறைத்தாள்.

"இன்னிக்கு மட்டும் ஏனுங்க பதிலே சொல்லாம தலைவர முந்த வுட்டீங்க?"

"அது... கஷ்டமான புதிர்."

"என்ன புதிர்?" என்றார் தனபால்.

ஹேமலதா சொன்னாள். "மலையேறுற பஸ்ஸும் எறங்குற பஸ்ஸும் ஒரு வளைவுல எதிரும் புதிருமா நிக்குது. அப்ப செம்மேட்டுக்குப் பக்கத்துல இருக்கறது எது?"

"ரெண்டும் ஒரே எடத்துலதானே நிக்குது!"

"பாருங்க, உங்களுக்கே தெரியுது!" மாதம்மாள் கையை விரித்தாள். "அடுப்படியில நின்ன எனக்கும் தெரிஞ்சுது. இத்தாப் பெரிய மேதாவிக்குத் தெரியலையாம்!"

தனபாலுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ள நேரமில்லை.

"தெரியாம இருக்கறது குத்தமா?" குணசேகரன் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"குத்தமில்லீங்க. ஆனா என்ற அடுப்படியத்தான் எல்லாரும் தேடுனாங்க. உங்க சட்டைப் பைய ஒருத்தரும் பாக்கலையே!"

குணசேகரன் கதவை நோக்கிப் பாய்ந்தார்!

கான்ஸ்டபிள் மாரி காலை நீட்டினார். மேதாவி குப்புற விழுந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்தது... வெள்ளைப் பொடி ஒட்டிய காகிதப் பொட்டலம்!

"என் ஐ.க்யூ. மார்க் நூத்தி அறுபது! அவனுக்கு நூத்தி அம்பத்தெட்டு!" தரையில் கிடந்தபடியே கத்தினார். "அவன் எனக்குத் தலைவரா?"

விலங்கு மாட்டியதும் தனபால் அசடு வழிந்தார்.

"மாதம்மா, பேசாம நீங்க அந்தச் சங்கத்துல சேர்ந்துருங்க!"

"வேண்டாஞ் சாமி! மூணு பேர்ல ஒருத்தர் பாடையில, ஒருத்தர் ஜெயில்ல... இருக்கற கொஞ்சூண்டு அறிவுலயே நான் சொகமா இருந்துக்கறனுங்க!"