பலோமாவின் முதுகில் ஓரிடம்

“அழுவறதா இருந்தா இங்கயே அழுது முடிச்சுக்கோணுமாம். மேல போயி அழுதா மூச்சு வீணாப் போயிருமாம்!”

வழிகாட்டி சொன்னதைத் தமிழில் சொல்லிவிட்டு நவநீதன் சிரித்தான். மேகலா சிரிக்கவில்லை. சொன்ன மனிதரும் சிரிக்கவில்லை. சத்துர்நினோ என்பது அவர் பெயர். ஒரு வெள்ளைக் குதிரையின் விலாவில் முழங்காலை ஊன்றி, சேணத்தின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், வண்டிச்சாலை முடிந்துபோகிற கடைசி ஊர் அது. அங்கிருந்து மேலே பல நாள் நடந்தால் யானாமார்க்கா வரும். இன்கா மக்கள் கட்டிவிட்டுப் போன கல்நகரம். மேகலாவின் அண்ணன் பரணி அதைப் பார்க்கத் தனியாகப் போயிருந்தான். திருப்பூரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மலை மலையாக அலைபவன். வழிகாட்டி வேண்டாம் என்று ஏறினான். பிறகு பெருமழை பெய்தது. ஆள் திரும்பவில்லை. மேகம் விலகினால் ஹெலிகாப்டர் அனுப்பலாம் என்றது காவல் நிலையம். மேகம் விலகுவதாக இல்லை.

மேகலா விமானம் ஏறி வந்துவிட்டாள். நவநீதன் அவளுடைய அத்தை மகன். பனியன் கம்பெனிக்குப் பருத்தி வாங்க லிமா நகரத்தில் தங்கியிருந்தவன், ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவன். “அவளைத் தனியா விட்றாதடா” என்று அத்தை போனில் சொன்னதால் வந்தான்.

“உடம்பு மலைக்குப் பழகோணும், ரெண்டு நாள் இங்கயே இருங்கங்கறாரு. பழகாம ஏறுனா நெஞ்சுல நீர் கோத்துக்குமாம், ஒடனே கீழ எறக்கோணுமாம்” என்றான்.

“அண்ணன் அங்க கெடக்கறப்ப நாம இங்க உக்காந்து பழகறதா? இப்பவே கெளம்பலாமுங்க மச்சான்!”

“உங்கண்ணனுக்காக என்னைய மலையில தள்ளி விட்டாலும் விட்டுருவ, அம்மிணி.”

கிளம்பினார்கள்!

முதலில் பள்ளத்தாக்குக்குள் இறக்கம். கள்ளிச்செடிகளும் அனல்காற்றும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் முழங்கை வரை கடித்துத் தடிக்கவைத்தன. அடியில் ஆறு இரைந்து ஓடியது. அதன்மேல் ஆடிய கம்பிப் பாலத்தைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. அது முடியவேயில்லை. வளைந்து வளைந்து போன பாதையில் ஒரு வளைவைத் தாண்டினால் அதேபோல் இன்னொன்று. நவநீதன் முதல் நாள் பாட்டுப் பாடினான். இரண்டாம் நாள் கேலி பேசினான். “கல்யாணப் பொண்ணுக்கு லைட் புடிக்கறவனுக்கு இன்கா எதுக்குடா?” என்று எதிரே இல்லாத பரணியைத் திட்டினான். மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தான்.

சுமை தூக்க நான்கு கோவேறு கழுதைகள் வந்தன. அவற்றை யாரும் கயிறு போட்டு இழுக்கவில்லை. முன்னால் அந்த வெள்ளைக் குதிரை பலோமா போகும். அதன் கழுத்தில் ஒரு செம்பு மணி. அது குலுங்கும் திசையில் நான்கும் போகும். இரவில் பலோமாவை மட்டும் கட்டிப்போட்டால் போதும், மற்றவை அதைச் சுற்றியே மேயும். குதிரையைத் தாயாக நினைத்துக்கொள்வது கோவேறு கழுதைகளின் சுபாவம். அந்த மலைக்காரர்கள் அப்படி முன்னால் போகும் குதிரையை ஞானத்தாய் என்றே அழைக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில், பாறைவிளிம்பில் கூடாரம் அடித்தார்கள். சத்துர்நினோ தண்ணீர் எடுக்க இறங்கியிருந்தார்.

“அந்த மணி மண்டைக்குள்ள அடிக்குது புள்ள. எப்படியாச்சும் நிறுத்து” என்றான் நவநீதன். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

“அவரு வந்தா கேக்கலாமுங்க.”

“கேட்டா மாட்டேம்பான். நீ போ. காலைல எடுத்துக்கலாம்.”

மேகலா போனாள். தன் கம்பளிக் காலுறை ஒன்றைச் சுருட்டி மணிக்குள் திணித்தாள். பலோமா அசையாமல் நின்று திணிக்கவிட்டது. திடீரென்று வந்த அமைதி மேகலாவுக்கும் இதமாக இருந்தது.

விடியும்போது மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. சத்துர்நினோ அவசரப்பட்டார், மழை பின்னால் வருகிறது என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். சரிவை ஒட்டிய பாதை ஓராள் அகலம்தான். பலோமாவைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போனார். மணியின் நினைவு மேகலாவுக்கு வரவில்லை, அவசரத்தில் அவருக்கும் வரவில்லை. மூன்று நாட்களாக அதைக் கேட்டுக் கேட்டு, கேட்காததும் கேட்பது போலவே இருந்தது.

பின்னால் குளம்புகள் தடுமாறின. ஒரு கழுதை கனைத்தது. தாயைத் தேடுகிற கனைப்பு! அடுத்தது அதை முட்டிக்கொண்டு முன்னேறப் பார்த்தது. கல் உருண்டது.

“நில்லு! நில்லு!” என்று நவநீதன் கத்தினான்.

இரண்டு உடல்கள் மூட்டைகளோடு பனிக்குள் போயின. விழும் சத்தம் உடனே வரவில்லை. வந்தபோது அது ஒரே சத்தமாகவும் இல்லை. மற்ற இரண்டு கழுதைகள் வெருண்டு, வந்த வழியே கீழே ஓடிவிட்டன.

ஒன்று அடியோடு போய்விட்டது. மற்றது கொஞ்சம் கீழே ஒரு திட்டில் கிடந்தது. முன்னங்கால்கள் இரண்டும் தவறான பக்கம் மடங்கியிருந்தன. சத்துர்நினோ இறங்கினார். மேகலாவையும் இறங்கச் சொல்லிக் கை காட்டினார். அதன் தலையைப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். அவர் கத்தியை எடுத்தார். முடிகிறவரை அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையெல்லாம் சூடாக நனைந்தது.

மேலே ஏறி வந்தவர் நேராகப் பலோமாவிடம் போனார். மணிக்குள் விரல் விட்டுக் காலுறையை வெளியே இழுத்தார். இருவரையும் பார்த்தார். ஒரே ஒரு சொல்லில் கேட்டார்.

நவநீதன் பதில் சொன்னான். ஸ்பானிஷ் தெரியாத மேகலாவுக்கும் அந்தப் பதிலில் இருந்த தன் பெயர் புரிந்தது.

சத்துர்நினோ அவளைத் திட்டவில்லை. காலுறையை அவள் கையில் வைத்தார். அவ்வளவுதான். 

மாலையில் நவநீதன்தான் வாயைத் திறந்தான். இருமல் வந்து விழுங்கிவிட்டுத் திறந்தான். “திரும்பிரலாம் புள்ள. நெஞ்சு அடைக்குது. கழுதைங்களோட சாப்பாடும் முக்காவாசி போச்சு.”

“இன்னும் ஒரு நாளுங்க மச்சான்.”

“உனக்கு என்னைய…”

“ஒரே நாள்!”

மறுநாள் மதியம், மேகம் கிழிந்த ஒரு கணத்தில், யானாமார்க்கா தெரிந்தது!

மலையின் முதுகெலும்பு மேல் கல்லால் ஒரு நகரம். படிப்படியாக இறங்கும் வயல்திட்டுகள். கூரை போன வீடுகள். கதவில்லாத வாசல்கள் வழியாக வானம் உள்ளே நின்றது. யானை அளவு கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, நடுவே நகம் நுழைய இடமில்லை. ஒரு கல்வாய்க்கால் அத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தெளிந்த நீரைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. மேகலா எதையும் பார்க்கவில்லை. ஓடினாள்.

“அண்ணா! பரணியண்ணா!”

எதிரொலி மட்டும் வந்தது. மறுபடி கத்தினாள். அப்போது வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து யாரோ தகரக்குவளையைக் கல்லில் தட்டினார்கள். டங்! டங்! டங்!

பரணி ஒரு சுவர்மாடத்துக்குக் கீழே கிடந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, இடது காலில் கேமரா ஸ்டாண்டின் கம்பிகளை வைத்துக் கட்டியிருந்தான். வயல்திட்டிலிருந்து வழுக்கி விழுந்தவன். தண்ணீரும் மிச்ச பிஸ்கட்டும் அவனை உயிரோடு வைத்திருந்தன.

“நீயா?” என்றான். “கனவுன்னு நெனச்சேன்.” பிறகு தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். காய்ச்சலில் கொதித்தான். இரண்டே வாய் கஞ்சி குடித்து மயங்கித் தூங்கிப்போனான்.

கிடைத்துவிட்டான்! மேகலா அந்தக் கல்நகரத்தின் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். நவநீதனிடம் சொல்லத் திரும்பினாள்.

நவநீதன் ஒரு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் நெஞ்சுக்குள் நீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. துப்பியதில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

சத்துர்நினோ அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பரணியிடம் போய்க் காலைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை அழுத்தினார், கட்டுத்துணியை முகர்ந்தார். எழுந்து வந்தார். மேகலாவின் முன்னால் நின்று மெதுவாகப் பேசினார். பலோமாவைக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார். அந்த விரலைத் திருப்பி நவநீதனைச் சுட்டினார். பிறகு பரணியைக் காட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் தாழ்த்தி, பொறு என்பது போல அசைத்தார். அடிவாரத்தைக் காட்டி, மறுபடி இங்கே காட்டினார். போய்விட்டு வருவேன்.

“என்ன சொல்றாருங்க?” என்று மேகலா கேட்டாள்.

நவநீதன் தலையைத் தூக்கினான். பேச மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவன் கண்ணில் பழைய கேலியின் ஒரு துளி இருந்தது, அதன் அடியில் பயம் இருந்தது.

“குருதை ஒருத்தரத்தான் சுமக்குமாம். கூட ரெண்டு பேரு புடிச்சுட்டே எறங்கோணுமாம்.” நிறுத்தினான். “உங்கண்ணனை ஏத்தச் சொல்றான்.”

அவன் அவளையே பார்த்தான். காத்திருந்தான்.

காற்று கதவில்லாத வாசல்களுக்குள் புகுந்து வெளியே வந்தது. வாய்க்கால் ஓடியது. அந்த விரல் எங்கே சுட்டியது என்பதை மேகலா பார்த்திருந்தாள். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். நெசமாவான்னு கேட்டிருக்கலாம். தன் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்த அந்த வாயை அவள் பார்த்தாள். தூங்கும் அண்ணனைப் பார்த்தாள்.

“சரிங்க மச்சான்” என்றாள்.

அவன் முகத்தில் எதுவோ அணைந்தது. சத்துர்நினோ ஏதோ கேட்டார், குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். நவநீதன் ஸ்பானிஷில் இரண்டு சொல் சொல்லிப் பரணியைக் காட்டினான். அவர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் பரணியைத் தூக்கப் போனார்.

நவநீதனைச் சுவர்மாடத்துக்குள் உட்கார வைத்தார்கள். இருந்த இரண்டு போர்வையையும் சுற்றினார்கள். குவளை நிறைய நீர் வைத்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில், பலோமாவின் பையில் மிஞ்சிய சிற்றடுப்பை வைத்தார்கள். பலோமாவின் முதுகில் பரணி குப்புறச் சாய்ந்திருந்தான், அவன் இடுப்பை மேகலா பிடித்திருந்தாள். மணி குலுங்கத் தொடங்கியது.

“மேகலா!”

அம்மிணி இல்லை, புள்ள இல்லை. அவள் திரும்பினாள்.

“நெசமாலுமே போறயா?”

“ஆளக் கூட்டிட்டு வந்தர்றோமுங்க மச்சான்!” என்று கத்தினாள். நடந்துகொண்டே கத்தினாள்.

இறங்கிய கதை பெரிய கதை. மழை பிடித்துக்கொண்டது. விளிம்புப் பாதையில் பலோமா ஒவ்வொரு குளம்பையும் சோதித்து வைத்தது. மேகலாவின் நகங்கள் பெயர்ந்தன, தோள் கழன்றுவிடும் போலிருந்தது, அண்ணனின் இடுப்பை மட்டும் அவள் விடவில்லை. ஆடும் பாலத்தில் சத்துர்நினோ பரணியை முதுகில் சுமந்தார். வழியெல்லாம் அவர் அவளிடம் ஒரு சைகைகூடச் செய்யவில்லை. ஊரைத் தொட்டதும் நான்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, உட்காராமல், சாப்பிடாமல், திரும்பி ஏறினார்.

நகரத்து மருத்துவமனையில் காலுக்குப் படம் எடுத்தார்கள். இளம் மருத்துவர் ஆங்கிலத்தில் மேகலாவைத் தேற்றினார். சுத்தமான முறிவு, சீழ் இல்லை, உங்கள் அண்ணன் கட்டு நன்றாகப் போட்டிருக்கிறார், காய்ச்சல் வெறும் சளியால் வந்தது. “இன்னும் ஒரு வாரம்கூட அவர் மேலேயே தாங்கியிருப்பார். கவலைப்படாதீர்கள்!”

சத்துர்நினோவின் ஆட்கள் நவநீதனின் உடலைப் போர்வையில் கட்டி இறக்கி வந்தார்கள். அவன் சுவர்மாடத்தில் இல்லை. பாதை தொடங்கும் இடம் வரை தவழ்ந்து வந்திருந்தான்.

ஊர் திரும்பிய மாதம், திருப்பூரில் நலச்சங்கத்தார் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ஊன்றுகோலுடன் பரணி மேடை ஏறியதும் விசில் பறந்தது. மேகலாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மன உறுதி இருந்தால் மலையும் வழிவிடும் என்பதே இந்த வீரத் தங்கை நமக்குத் தரும் பாடம் என்றார் தலைவர். முதல் வரிசையில் அத்தை இருந்தாள். அதுவரை எதுவும் கேட்காதவள், கூட்டம் கைதட்டி ஓய்ந்ததும் எழுந்து மேடையோரம் வந்தாள். மேகலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. எம் பையன் கடைசியா என்ன சொன்னான்?”

மேகலா குனிந்தாள்.

“‘உங்கண்ணனை ஏத்து’ன்னாருங்க அத்தை.”

அத்தையின் முகம் நொறுங்கியது, உடனே விரிந்தது. “கேட்டீங்களா?” என்று அழுதுகொண்டே வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். “எம் பையன் சொன்னதக் கேட்டீங்களா? தன் உசுரப் பெருசா நெனைக்கல பாருங்க!”

பின்வரிசைக்காரர்களுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்படி கேட்டார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை நீட்டினார்.

மேகலா அதை வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி, தடுமாறாமல், இன்னொரு முறை சொன்னாள்.